சாம்பலில் ஆறிய ஷாஃப்ட்

1

நான் முட்டாள் என்பதற்கான ஆதாரம் உங்கள் எல்லார் ஃபோனிலும் இருக்கிறது. இன்னும் அழிக்காதவர்கள் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். நம் ஊர் குரூப்பில் நான் போட்ட அந்தப் படம்தான். பட்டறை உலை, அதன் வாயில் செக்கச் சிவந்த ஒரு தண்டு, பக்கத்தில் தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டு நான். கீழே, "விஞ்ஞானிகள் கோணலாக அனுப்பினார்கள், நம்ம கை நேராக்கியது" என்று எழுதியிருந்தேன். நாற்பத்தோரு பேர் கைதட்டும் பொம்மை போட்டீர்கள். எண்ணிப் பார்த்தேன். என் மூன்று அண்ணன்மார்களும் போட்டிருந்தார்கள். வாழ்க்கையில் முதல்தடவை.

திருவிழா மலருக்கு அந்தமான் வாழ்க்கையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறீர்கள். நீலக்கடல், தென்னை, அங்கேயும் நம்ம தமிழ் என்று இனிப்பாக எதிர்பார்த்திருப்பீர்கள். கப்பலேறி வந்து இருபத்தேழு வருடம் ஆகிறது. லம்பா லைன் என்கிற பேட்டையில் ஒரு லேத், ஒரு உலை, ஒரு பெண்டாட்டி, ஒரு மகள். இனிப்பு சமாச்சாரம் என்றால் எனக்கு வந்திருக்கும் சர்க்கரை மட்டும்தான். ஆகவே அந்தப் படத்தைப் பற்றியே எழுதுகிறேன். கைதட்டியவர்கள் மிச்சத்தையும் கேட்டுத்தான் ஆகவேண்டும்.

2

இங்கே படகுக்காரர்களுக்குப் பெரிய தொல்லை ஷாஃப்ட். எஞ்சினிலிருந்து புரொப்பல்லருக்குப் போகும் தண்டு. வெதுவெதுப்பான இந்தக் கடல் சாதாரண ஸ்டீலை எறும்பு வெல்லத்தைத் தின்பதுபோல் தின்றுவிடும். அதற்கு ஒரு புது உலோகம் கண்டுபிடித்திருக்கிறோம், இரண்டு படகில் மாட்டிப் பார்க்கவேண்டும் என்று மெயின்லேண்டிலிருந்து ஓர் ஆராய்ச்சிக்கூடத்தார் வந்தார்கள். ஒரு ஹாலில் எங்களைக் கூட்டி, டீ கொடுத்து, விளக்கினார்கள்.

வந்தவர் கோயம்புத்தூர்ப் பெண். முப்பது வயது இருக்கும். டாக்டர் மேடம் என்றார்கள். நம்மூர் எவர்சில்வரில் இரும்புதான் முதலாளி, மற்றதெல்லாம் வேலையாட்கள், ஆனால் இந்தப் புதுச் சரக்கில் இரும்பு, நிக்கல், கோபால்ட், குரோமியம், மாலிப்டினம் என்று ஐந்தும் கிட்டத்தட்ட சமபங்கு, யாரும் முதலாளி இல்லை என்றார். ஹை என்ட்ரோபி அலாய் என்று பெயராம். உடனே தலைமை தாங்கிய மீன்துறை ஆபீசர் எழுந்து, இது நம் அந்தமான் மாதிரியே இருக்கிறது, பெங்காலி, தெலுங்கு, தமிழ், மலையாளி, ராஞ்சிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் எல்லாரும் சமம் என்று இந்தியில் முழங்கினார். பலத்த கைதட்டல். தட்டியவர்களில் பாதிப்பேர் எங்கள் தெருக் குழாயடியில் ஒருவர் மேல் ஒருவர் வாளி வீசுகிறவர்கள்.

ஒரு படகு தெலுங்குக்காரர் ஒருவருடையது. இன்னொன்றுக்கு ஆள் தேடினார்கள். நான் கையைத் தூக்கினேன். எனக்குப் படகு கிடையாது. என் பெண்டாட்டி பிலோமினாவின் தம்பி ராயப்பனுக்கு உண்டு. அவனைக் கேட்காமலேயே அவன் படகைக் கொடுத்துவிட்டேன். ஷாஃப்ட்டைக் கடைந்து மாட்டும் வேலை என் பட்டறைக்கு வந்தது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ராயப்பன் அன்றைக்கே வீட்டு வாசலில் வந்து நின்றான். உள்ளே வரவில்லை.

"அத்தான், ஒங்க வெளயாட்டுக்கு எம் படகுதான் கெடச்சுதா?"

அக்காள் முகத்துக்காக ஒத்துக்கொண்டான். எனக்காக இல்லை என்பதை அக்காளிடமே இரண்டுமுறை சொல்லிவிட்டுப் போனான்.

3

மேடம் புறப்படும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். தமிழிலேயே சொன்னார். இதையெல்லாம் எழுதுவதற்குக் காரணம், மொழி புரியவில்லை என்று நான் சாக்குச் சொன்னால் நீங்கள் நம்பிவிடக்கூடாது என்பதுதான்.

"ஏனுங்க மிஸ்திரி, கடையுங்க, தேய்ங்க, துளை போடுங்க. சூடு மட்டும் காட்டவே கூடாதுங்க."

சரிங்க என்றேன். சூடு கூடாதுங்க என்று மறுபடியும் சொன்னார். மறுபடியும் சரிங்க என்றேன். பட்டறைக்காரனை இங்கே எல்லாரும் மிஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வயதுப் பெண் மிஸ்திரிக்கு உலோகப் பாடம் எடுக்கிறாளே என்று உள்ளுக்குள் ஒரு புகைச்சல்.

கப்பலில் வந்த பெட்டியை ஜெட்டியில் (படகுத்துறைக்கு இங்கே அதுதான் பேர்) எவனோ தொப்பென்று போட்டிருக்கிறான். ஷாஃப்ட்டை லேத்தில் பூட்டிச் சுற்றிப் பார்த்தால் நடுவில் அரை நூல் அளவுக்கு மெல்லிய கோணல். ஒரு ஃபோன் போட்டிருந்தால் வேறு ஷாஃப்ட் வந்திருக்கும். போடவில்லை. ஜாக்கி வைத்து நெரித்தேன். ஜாக்கி முனகியது, ஷாஃப்ட் வளைந்து கொடுப்பதுபோல் கொடுத்துப் பழைய இடத்துக்கே திரும்பியது. மூன்று தடவை. மூன்றாவது தடவை அது என்னைப் பார்த்துச் சிரித்ததாகவே எனக்குப் பட்டது.

உப்பளத்துப் பம்பு ஷாஃப்ட் உங்களுக்குத் தெரியும். கோணினால் சிவக்கச் சூடாக்கி, நேராக்கி, அடுப்புச் சாம்பலுக்குள் புதைத்து மெல்ல ஆறவிடுவோம். அவசரப்பட்டுத் தண்ணீரில் முக்கினால் கண்ணாடி மாதிரி உடையும். சாம்பலில் ஆறினால் சாகாது. தூத்துக்குடியில் பட்டறைக்காரன் வீட்டுக் கோழிக்குக்கூட இது தெரியும். என் அண்ணன்மார்கள் மூன்று பேரும் ஃபிட்டர்கள். நான் ஸ்பேனரைத் தொட்டாலே "நீ தள்ளி நில்லுல" என்பார்கள். இருபத்தைந்து வயதுவரை நான் செய்த ஒரே தொழில் தள்ளி நிற்பது. கடைசியில் ஆயிரம் மைல் தள்ளி வந்து நின்றேன்.

ஆகவே உலையை மூட்டினேன். தேங்காய்ச் சிரட்டைக் கரி, புளோயர், நடுப்பாகம் மட்டும் செந்நிறம் வரும்வரை நிதானமாக. அழகாக நேராகிவிட்டது. ஒரு டிரம் நிறையச் சாம்பல் கொட்டி அதற்குள் குழந்தையைப் படுக்கவைப்பதுபோல் படுக்கவைத்தேன். நடுவில் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். மறுநாள் எடுத்துப் பார்த்தால் கம்பு மாதிரி நேர்.

பெரியண்ணன் "பலே" என்று எழுதியிருந்தார். ஒரே ஒரு சொல். வாசலில் நின்று நாலு தடவை படித்தேன். மகள் ஷெரின், "பப்பா, ஃபோன்ல என்ன லாட்டரியா?" என்று கேட்டாள்.

4

ராயப்பன் படகில் மாட்டினேன், ஆறு வாரம் ஓடியது. நான் பார்க்கிறவர்களிடமெல்லாம் அந்த ஷாஃப்ட்டைப் பற்றிப் பேசினேன். சூடு காட்டியதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் பேசினேன்.

ஒரு வெள்ளிக்கிழமை பிற்பகல் ராயப்பனும் அவனுடைய கூட்டாளி பிமலும் கரையிலிருந்து நல்ல தூரத்தில் இருக்கும்போது, எஞ்சின் ஓடுகிறது, படகு நகரவில்லை. ஷாஃப்ட் ஒடிந்து, புரொப்பல்லர் பாதித் தண்டோடு கடலுக்குள் போய்விட்டது. ஃபோனுக்கு சிக்னல் கிடையாது. நீரோட்டம் தெற்கே இழுத்தது. பாறைக்கட்டுப் பக்கம் போனபோதெல்லாம் இரண்டு பேரும் பலகையைப் பெயர்த்து வைத்துக்கொண்டு தள்ளித் தள்ளியே தப்பியிருக்கிறார்கள். சனிக்கிழமை உச்சிவேளையில் வேறொரு படகு பார்த்துக் கட்டி இழுத்து வந்தது.

நான் ஜெட்டிக்கு ஓடினேன். ராயப்பனின் உள்ளங்கை இரண்டிலும் தோல் இல்லை. தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். அதைப் பக்கத்தில் நின்ற பிமலுக்குத் தள்ளிவிட்டு, வேறொருவர் கொடுத்த பாட்டிலை வாங்கிக் குடித்தான். எல்லாரும் பார்த்தார்கள்.

"பாறையில கீறையில தட்டுச்சா மாப்ள?" என்று கேட்டேன். அந்தக் கேள்வியை நான் எதற்குக் கேட்டேன் என்று இப்போது எனக்குத் தெரியும். அப்போதும் தெரியும்.

"தட்டல" என்றான்.

5

இந்த ஊரில் மழைக்கு அடுத்தபடி அதிகமாகப் பொழிவது ஃபாரம். நான் வந்த புதிதில் தீவுக்காரன் என்று அட்டை வாங்குவதற்கு, நான் இன்னும் உயிரோடு இருக்கிறேன் என்று ஒரு சான்றிதழ் கேட்டார்கள். நேரில்தானே நிற்கிறேன் என்றேன். அதை எழுத்தில் கொண்டு வா என்றார்கள்.

ஷாஃப்ட் ஒடிந்ததற்கும் மீன்துறை ஆபீசிலிருந்து ஃபாரம் வந்தது. இந்தியிலும் ஆங்கிலத்திலும் மூன்று நகல். என் இந்தி இருபத்தேழு வருடத்துக்குப் பிறகும் சந்தை இந்திதான். பேசுவேன், வாசிக்க உயிர்போகும். வழக்கம்போல் ஷெரின் உட்கார்ந்தாள். அவள் இங்கேயே பிறந்தவள், பத்தொன்பது வயது. இந்தியில் சிரிக்கிறாள், இந்தியில் கோபப்படுகிறாள், தமிழை வீட்டுச் செருப்புபோல் வாசலோடு விட்டுவிடுகிறாள். என் அண்ணன் பிள்ளைகளை "அந்த மெயின்லேண்டர்ஸ்" என்பாள். என்னையும் அந்தக் கணக்கில்தான் வைத்திருக்கிறாள் என்று நினைக்கிறேன்.

பெயர், விலாசம், கடைந்த தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதினாள். ஏழாவது கேள்வியில் பேனா நின்றது.

"'கரம் கியா கயா யா நஹி'ன்னு கேக்குது. வாங்குன பெறவு சூடு காட்டுனீங்களா இல்லையா, பப்பா?"

அவளும் நம் குரூப்பில் இருக்கிறாள். படத்தைப் பார்த்திருக்கிறாள். தொப்பை தெரிகிறது என்று கேலிகூடச் செய்தாள். என் முகத்தையே பார்த்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள். அடுக்களையில் பிலோமினா மீன் சட்டியைக் கிளறுவதும் நின்றது.

ஆம் என்று எழுதினால் மேடத்துக்குத் தெரியும், ஆபீசுக்குத் தெரியும், ராயப்பனுக்குத் தெரியும். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. பெரியண்ணனின் "பலே" திரும்பப் போய்விடும் என்று தோன்றியது. ஐம்பத்திரண்டு வயது ஆளுக்கு அந்தக் கணத்தில் அதுதான் தோன்றியது. வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

"இல்லைன்னு போடு" என்றேன்.

ஷெரின் போட்டாள். அழுத்தமாகப் போட்டாள், மூன்றாவது நகல்வரை பதிந்தது. அப்புறம் ஃபாரத்தை என் பக்கம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டாள். மிச்சக் கேள்விகளுக்கு நானே கோடு போட்டு வைத்தேன்.

6

பட்டறையில் தப்பு இல்லை என்றால் படகில் தப்பு. ஆபீசில் அப்படித்தான் கணக்கு. கவனக்குறைவாகப் பாறையில் மோதி, சோதனைக்குக் கொடுத்த பொருளை நாசம் செய்ததற்காக உன் படகு லைசென்ஸை ஏன் ரத்து செய்யக்கூடாது என்று ராயப்பனுக்கு நோட்டீஸ் வந்தது. விசாரணைக்கு ஒரு புதன்கிழமையைக் குறித்திருந்தார்கள்.

லைசென்ஸ் போனால் அவன் அடுத்தவன் படகில் கூலிக்குத்தான் போகவேண்டும். பதினாறு வருடம் அப்படிப் போய்த்தான் இந்தப் படகுக்கு வந்தான். பிலோமினா அழவில்லை. எனக்குச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், பேசவில்லை. பத்து நாள். ஒருநாள் உப்பு வேண்டும் என்று கேட்டேன். உப்பு டப்பாவை என் முன்னால் வைத்த சத்தம் பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

நான் அப்போதும் சொல்லவில்லை. ஆபீஸ் நோட்டீஸ் சும்மா மிரட்டல், கடைசியில் ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு லேத்தை ஓட்டினேன். வெட்டுவதற்குத் துண்டு எதுவும் பூட்டாமலே கொஞ்சநேரம் ஓட்டியிருக்கிறேன்.

விசாரணைக்கு முந்தினநாள் காலை ராயப்பன் பட்டறைக்கு வந்தான். தன் ஃபோனை லேத் மேல் வைத்தான். உலை, செக்கச் சிவந்த தண்டு, தொப்பையை இழுத்துக்கொண்டு நான். "நம்ம கை நேராக்கியது."

அவன் நம் குரூப்பில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டுதான் நானும் தைரியமாகப் போட்டேன். உங்களில் ஒருவர் அவனுக்கு அனுப்பியிருக்கிறீர்கள். யார் என்று தெரியும், அவனோடு ஒன்றாக நம்மூர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். பேர் போடவில்லை. ஒரு வாரம் உங்களை மனதுக்குள் வாயில் வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டினேன். இப்போது திட்டவில்லை. நன்றியும் சொல்லமாட்டேன்.

"நாளைக்கு நீங்களே சொல்லுதியளா, இல்ல நான் இதக் காட்டவா?"

"மாப்ள, அது வந்து, ஸ்டீலுக்குச் சாம்பல்ல ஆறவிட்டா..."

"ஸ்டீலப் பத்தி நான் கேக்கல. சொல்லுதியளா, காட்டவா?"

சொல்கிறேன் என்றேன். ஃபோனை எடுத்து, தோல் இன்னும் சரியாக மூடாத கையாலேயே துடைத்து பாக்கெட்டில் வைத்துக்கொண்டு போனான்.

7

சொன்னேன். சந்தை இந்தியில், ஆபீசர், கிளார்க், பிமல், ராயப்பன், விமானத்தில் வந்திறங்கிய டாக்டர் மேடம் எல்லார் முன்னாலும் சொன்னேன். பெண்பாலெல்லாம் ஆண்பாலாகி, நான் உலைக்குள் போய் ஷாஃப்ட் என்னைச் சூடாக்கியதுபோல ஒரு வாக்கியம்கூட வந்துவிட்டது. ஒருவரும் சிரிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் சொன்னதற்கு ஒருவருமே சிரிக்காத நாள் அது ஒன்றுதான்.

மேடத்துக்கு ஆச்சரியமே இல்லை. கரைக்கு வந்த மிச்சத் துண்டை அவருடைய ஆராய்ச்சிக்கூடத்துக்கு ஏற்கெனவே அனுப்பியிருந்தார்கள். அதைப் பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒடிந்த வாயைப் பார்க்கச் சொன்னார். நெளிவும் இல்லை, கிழிசலும் இல்லை. கற்கண்டை உடைத்த மாதிரி மினுமினுவென்று பொரிப்பொரியாக இருந்தது. நான் சூடாக்கிய நடுப்பாகத்தில், சரியாக அங்கேயே. பாறையில் மோதியிருந்தால் இது வளைந்திருக்கும், ஒடிந்திருக்காது என்று ஆபீசரிடம் இந்தியில் சொல்லிவிட்டு, என் பக்கம் தமிழுக்குத் திரும்பினார். குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"உருளையில குடுத்து நசுக்கி நசுக்கி வலு ஏத்துனோமுங்க. அப்புறம் அளவா சூடு பண்ணி டக்குனு தண்ணியில போட்டோம். எதுக்குங்க? அஞ்சும் கலந்தது கலந்தபடி அப்படியே நிக்கோணும்னு."

தண்ணீரில் போட்டால் கண்ணாடி ஆகாதா என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"அது உங்க ஸ்டீலுங்க. அதுக்குத் தண்ணி ஆகாது, சாம்பல் நல்லது. இதுக்குத் தலைகீழுங்க. சூட்டுல மெல்ல ஆற வுட்டீங்கன்னா, குரோமியமும் மாலிப்டினமும் நகர்ந்து நகர்ந்து தனியாக் கூடிக்குதுங்க. கூடுன எடமெல்லாம் பிஸ்கட் மாதிரி ஆயிருது. அதே அஞ்சு உலோகம், அதே எடை. நீங்க ஆறவெச்ச விதத்துல வேற பொருள் ஆயிருச்சு."

பந்தியில் கலந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவகாசம் கொடுத்தால் சொந்தக்காரனாகப் பார்த்து இடம் மாறிக்கொள்வார்கள், நடுவில் வரிசை பிய்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் புரிந்தது. அந்த ஆபீசர் ஹாலில் முழங்கியது ஞாபகம் வந்தது. கலந்திருப்பது பெரிசில்லை, எந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் போட்டு வைக்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது. இதை மேடத்திடம் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ரெண்டு வருசம் பண்ணுன வேலைங்க அது. நான் சொன்னப்ப ரெண்டு தடவை சரிங்கன்னீங்க."

தெலுங்குக்காரர் படகிலிருக்கும் ஷாஃப்ட் ஒரு கீறல் இல்லாமல் ஓடுகிறதாம். சோதனை அதில் தொடரும், என் பட்டறைக்கு இனி எதுவும் வராது என்றார். ராயப்பனின் நோட்டீஸை ஆபீசர் அங்கேயே ரத்து செய்தார். எனக்கு எழுத்துமூலம் கண்டனம். அதோடு, முந்தைய ஃபாரத்தில் சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள இன்னொரு ஃபாரம். கிளார்க் அதை நீட்டி, "ஜூட் கா பீ ஃபாரம் ஹை, மிஸ்திரி" என்றார். பொய்க்கும் ஃபாரம் இருக்கிறது. மூன்று நகல்.

அதை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஷெரின் எதிரே உட்கார்ந்து ஃபோனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை, அவளும் வரவில்லை. பழைய பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் இந்தி எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்தேன். மூன்று நாள் ஆனது. கடைசி வரியில் ஓர் எழுத்தை அவள் போகிறபோக்கில் விரலால் சுட்டிக்காட்டித் திருத்தச் சொன்னாள். இந்தியில் சொன்னாள்.

ஃபாரத்தைக் கொடுத்துவிட்டு அப்படியே ஜெட்டிக்குப் போனேன். ராயப்பன் படகில் வேறு ஒரு பட்டறைக்காரன் ஸ்டீல் ஷாஃப்ட் மாட்டிக்கொண்டிருந்தான். நான் படிக்கட்டில் நின்று, எப்படியோ உண்மையைச் சொல்லிவிட்டேன், லைசென்ஸும் தப்பிவிட்டது, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குச் சாப்பிட வா, அக்கா கூப்பிடுகிறாள் என்றேன். அக்கா கூப்பிடவில்லை. அதுவும் நான் சேர்த்ததுதான்.

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாங்க திரும்பி வராம இருந்திருந்தா, நீங்க இதச் சொல்லியிருக்கவே மாட்டிய, அத்தான்."